படுக்கையில் இருக்கும் பெற்றோர்: டிமென்ஷியா என்னும் மறதி நோய் பற்றி நான்கு கேள்விகள்

அம்மாவுக்கு 81 வயது. டிமென்ஷியா முற்றிவிட்டது. எதைக் கொடுத்தாலும் புரையேறுகிறது. மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்கிறார்கள். போடலாமா? – சேலம் வாசகி

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். பக்கவாதம் வந்தவருக்குக் குழாய் போட்டால், விழுங்கும் திறன் திரும்பியதும் எடுத்துவிடலாம். முற்றிய டிமென்ஷியாவில் எடுக்கிற நாள் வருவதில்லை. குழாய் ஆயுளை நீட்டிப்பதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. எச்சிலும் வயிற்றிலிருந்து எதுக்களிப்பதும் எப்படியும் நுரையீரலுக்குள் இறங்கும். அம்மா குழாயைப் பிடுங்குவார், நீங்கள் கையைக் கட்டுவீர்கள். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது.

நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள். தாடை சற்றே தாழ்ந்திருக்கட்டும். அரை டீஸ்பூன் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். தண்ணீரும் காபியும்தான் அதிகம் புரையேறும். நம் வீடுகளில் 'லேசான சாப்பாடு' என்று கொடுக்கும் ரசம் சாதமும் ஆபத்து. பருக்கை வாயிலேயே நிற்க, ரசம் மட்டும் முந்திக்கொண்டு ஓடும். கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த தயிர் சாதம் சரிப்படும். ஊட்டியதும் வாயைத் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். ஒரு கிண்ணம் கூழுக்கு 40 நிமிடம்கூட ஆகலாம். யார் எந்த வேளைக்கு உட்காருவது என்று வீட்டில் பேசிவிடுங்கள். எல்லாம் மருமகள் தலையில் விழக்கூடாது.

அப்பா நேற்று முன்தினத்திலிருந்து இரவெல்லாம் கத்துகிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா? – நெல்லை வாசகர்

'நேற்று முன்தினத்திலிருந்து' என்கிறீர்களே, அதைத்தான் கவனிக்க வேண்டும். டிமென்ஷியா இரண்டு நாளில் இப்படி ஏறாது. சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் குறைவு, எங்கோ ஒரு வலி என்று ஏதாவது இருக்கும். மூன்று இரவு கத்திய ஒரு பெரியவருக்கு மூளை ஸ்கேன் வரை எடுத்துவிட்டு வந்தார்கள். பல்செட்டைக் கழற்றிப் பார்த்தேன், ஈறில் புண். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். இப்படிக் கத்துபவர்களை அமைதிப்படுத்தக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், குவட்டியாபின் போன்ற மனநோய் மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-லேயே எச்சரித்தது. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிவிடாதீர்கள்.

எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதே பெரும்பாடு. வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா? – தருமபுரி வாசகர்

வருவார்கள். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதியுங்கள். படுக்கைப்புண் வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் வரும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது உங்கள் வேலை.

அப்பாவின் கணக்கிலிருந்து சிகிச்சைக்குப் பணம் எடுக்க முடியவில்லை. பவர் பத்திரம் எழுதலாமா? அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். – திருச்சி வாசகி

காலம் கடந்துவிட்டது. எழுதிக் கொடுப்பவருக்குப் புரியும் நிலை இருக்க வேண்டும். முன்பே எழுதியிருந்தாலும், சுயநினைவோடு முடிவெடுக்கும் திறன் போனதும் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பவர் செல்லாது. உயர் நீதிமன்றத்தில் மனு போட்டுப் பாதுகாவலராக நியமனம் பெறுவதே வழி, வக்கீலைப் பாருங்கள். சிகிச்சைக்கான கையெழுத்தை நடைமுறையில் குடும்பத்தாரிடமே வாங்குகிறார்கள். அதனால் வென்டிலேட்டர் வேண்டுமா, ஐ.சி.யூ. வேண்டுமா என்று அண்ணனிடம் இந்த வாரமே வீடியோ காலில் பேசுங்கள். முடிவை இருவரும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் ஃபைலில் வையுங்கள். நடு ராத்திரி கேஷுவால்டி வாசலில் நின்றுகொண்டு போனில் சண்டை போடும் அண்ணன் தங்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.