சாட்டைச் சிலந்தி கடித்தால் விஷம் ஏறுமா?

ராத்திரி மரத்தடியில் நண்டு போலப் பக்கவாட்டில் ஓடிய, உள்ளங்கை அகலத்தில் தட்டையாக, முன்னால் இரண்டு நீள மீசையோடு ஒரு சிலந்தியைப் பார்த்ததாகவும், அது விஷமா, அடித்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து அடிக்காதீர்கள். அது சாட்டைச் சிலந்தி. சிலந்தி, தேள் இரண்டுக்கும் உறவு, ஆனால் இரண்டுமே இல்லை. விஷச் சுரப்பி கிடையாது, கொட்டுவதற்குக் கொடுக்கும் கிடையாது, வலை பின்ன நூலும் கிடையாது. கையில் பிடித்து நசுக்கினால் இரை பிடிக்கும் முன்கைகளின் முட்கள் கீறலாம், ரோஜாச் செடியில் கை பட்டது போல. அவ்வளவுதான்.

நீங்கள் மீசை என்று சொன்னது உண்மையில் கால். எட்டுக் காலில் ஆறில்தான் நடக்கிறது. முன்னங்கால் இரண்டும் நூல் போல மெலிந்து, உடலைப் போலப் பல மடங்கு நீண்டு, தொடவும் முகரவும் மட்டுமே என்று ஆகிவிட்டன. கண்கள் எட்டு இருந்தும் பார்வை சுமார்தான், அதனால் இருட்டில் அதற்கு உலகமே அந்தச் சாட்டைகளின் வழியாகத்தான் தெரிகிறது. சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை மரத்தண்டில் இருந்த ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உடம்பு அசையவே இல்லை, சாட்டைகள் மட்டும் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் மெதுவாகத் துழாவிக்கொண்டே இருந்தன. ஒரு சில்வண்டு பக்கத்தில் வந்தது. சாட்டையின் நுனி அதன் காலருகே போய் நின்றது, பட்டதா படவில்லையா என்றே எனக்குத் தெரியவில்லை, சில்வண்டுக்கும் தெரியவில்லை போலும், அது பாட்டுக்கு நின்றது. அப்புறம் மடங்கியிருந்த முள்கைகள் விரிந்தது கண்ணில் படுவதற்குள் இரை உள்ளே இருந்தது. இரவு முழுக்க ஒரே இடத்தில் காத்திருக்கும் பொறுமை இதற்கு உண்டு.

ஆனால் என்னை இன்னும் அதிகமாக வியக்க வைப்பது இது வீட்டுக்குத் திரும்பும் விதம். பகலில் ஒரு பொந்திலோ மரவேரின் இடுக்கிலோ ஒளிந்திருந்து, இருட்டியதும் வெளியே வரும், விடிவதற்குள் திரும்பிவிடும். கோஸ்டாரிகா மழைக்காட்டில் ஆராய்ச்சியாளர்கள் இவற்றின் முதுகில் குட்டி ரேடியோ கருவி ஒட்டி, 10 மீட்டர் தூரம் வரை கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். வேரும் சருகும் கொடியுமாகக் கிடக்கும் தரையில், கும்மிருட்டில், பல சாட்டைச் சிலந்திகள் தங்கள் பொந்தையே தேடி வந்துவிட்டன. கண்ணை மூடிவிட்டபோதும் பெரிய சிக்கல் இல்லை, சாட்டை நுனியைச் செயலிழக்கச் செய்தபோதுதான் தடுமாறின. அப்படியென்றால் வாசனைதான் முக்கிய வழிகாட்டி. அந்த வாசனையை எப்படி ஞாபகம் வைக்கிறது? பூச்சிகளில் கற்றலுக்கும் நினைவுக்கும் உரியது காளான் வடிவ மூளைப் பகுதி. அதே பகுதி இந்தப் பிராணிக்கு அசாதாரணமாகப் பெரிதாக, மடிப்பு மடிப்பாக இருக்கிறது. இவ்வளவு சின்னத் தலைக்குள்!

குடும்ப விஷயமும் சொல்ல வேண்டும். தாய் முட்டைகளை வயிற்றுக்கு அடியில் ஒரு பையில் ஒட்டவைத்து மூன்று மாதம் போலச் சுமக்கும். பொரித்த குஞ்சுகள் வெளிறிய நிறத்தில் அவள் முதுகில் ஏறி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி வைத்தது போல ஒட்டிக்கொண்டு முதல் தோலுரிப்பு வரை அங்கேயே இருக்கும். கீழே விழுந்த குஞ்சு பிழைப்பது கஷ்டம். கிழக்கு ஆப்பிரிக்காவின் டாமன் டயடெமா என்ற சாட்டைச் சிலந்தி இனத்தைக் கூண்டில் வளர்த்துக் கவனித்தபோது, வளர்ந்து இறங்கிய பிள்ளைகள் நடுவில் தாய் உட்கார்ந்து சாட்டையால் அவற்றைத் தடவிக்கொண்டிருந்தது பதிவாகியிருக்கிறது. பிள்ளைகளும் பதிலுக்குத் தடவின. நாம் பார்த்ததும் செருப்பைத் தூக்கும் பிராணி இது!

ஆண்கள் சண்டையும் பெரும்பாலும் அடிதடி இல்லாமலே முடிந்துவிடும். எதிரெதிரே நின்று, ஒரு சாட்டையை எதிராளியின் மேல் அதிரவிட்டு, யார் தாக்குப்பிடிக்கிறார் என்று பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, சாட்டை அறுந்த ஒன்றைப் பார்த்தால் முடமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரியதான பிறகும் இது தோலுரிக்கும், தலைகீழாகத் தொங்கியபடி, பழைய சட்டையிலிருந்து நழுவி வெளிர்பச்சையாக இறங்கும். இழந்த கால் அப்போது மெல்ல முளைத்து வரும்.

சரி, வீட்டுக்குள் வந்துவிட்டால்? காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், கழன்று வந்துவிடும். அகலமான டப்பாவால் மூடி, அடியில் ஒரு அட்டையைச் செருகி எடுங்கள். தொலைவில் கொண்டுபோய் விட வேண்டாம், வெளியே பக்கத்திலேயே ஈரமான இடுக்கு ஒன்றின் அருகில் விடுங்கள், தன் பொந்து எங்கே என்று அதற்குத் தெரியும்.