பழைய சிறுகதையின் நம்பகமான பிரதியை இணையத்தில் கண்டுகொள்வது எப்படி?

பழைய சிறுகதைத் தொகுப்புகள் தம் ஊரில் கிடைப்பதில்லை என்றும், கைப்பேசியில் தேடினால் ஒரே கதை தளத்துக்குத் தளம் மாறுபடுகிறது என்றும் தொண்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்; எதை நம்பி வாசிப்பது, இலக்கியச் செய்திகளை எங்கே அறிவது என்பன அவருடைய கேள்விகள்.

கதை மாறுபடுவதற்குக் காரணங்கள் உண்டு. 1933இல் தொடங்கிய மணிக்கொடி போன்ற இதழ்களில் முதலில் வெளியான கதைகள், பின்னர் தொகுப்புகளாக அச்சேறும்போது சில இடங்களில் திருத்தம் பெற்றன. அவற்றை எழுத்துணரி (பக்கப் படத்தை எழுத்து வடிவமாக மாற்றும் மென்பொருள்) கொண்டு இணையத்தில் ஏற்றுகையில் ரகரம் துணைக்காலாகிவிடும். சில நேரம் ஒரு பத்தியே விடுபட்டுப்போகும். கதையின் கடைசிப் பத்தி இல்லாமலே அதை வாசித்து முடித்தவர்களை நான் அறிவேன். அது எழுத்தாளருக்கு இழைக்கப்படும் அநீதி.

ஆகவே விக்கிமூலம் என்னும் இலவச இணைய நூலகத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே அச்சு நூலிலிருந்து ஏற்றிய பக்கங்களில் எழுத்து வடிவத்துக்கு அருகிலேயே மூலப் பக்கத்தின் படமும் இருப்பதால், ஐயம் எழுந்த சொல்லை அப்போதே ஒப்பிட்டுக்கொள்ளலாம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்கு 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் மதுரைத் திட்டத்தில், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பற்றிய குறிப்பைக் காணலாம். பழைய நூல்களின் பக்கப் படங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உதவும். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று சொல்லாத பிரதியை, அது எத்தனை பேரால் பகிரப்பட்டிருந்தாலும், நான் ஏற்பதில்லை.

தேடும்போது பெயரைப் பல விதமாக எழுதிப் பாருங்கள்: கு.ப.ரா. என்றும் கு. ப. ராஜகோபாலன் என்றும், புதுமைப்பித்தன் என்றும் சொ. விருத்தாசலம் என்றும். நினைவிலுள்ள ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுவதும் பெரும்பாலும் பலன் தரும். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும் என்பதால், 1944இல் மறைந்த கு.ப.ரா.வையும் 1948இல் மறைந்த புதுமைப்பித்தனையும் தயக்கமின்றித் தரவிறக்கலாம். அண்மைக் காலத்தவரின் நூல்களை விலை கொடுத்து வாங்குவதே முறை. சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் எழுத்து வடிவக் கோப்பைச் சேமித்து வையுங்கள். பக்கப் படக் கோப்புகள் அளவில் மிகப் பெரியவை.

செய்திகளைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப்பில் வரும் விருதுப் பட்டியலைச் சாகித்திய அகாதெமியின் சொந்தத் தளத்தில் சரிபார்த்த பின்பே நம்புங்கள். புதிய நூல்களின் அறிமுகங்கள் பொங்கலையொட்டிய சென்னைப் புத்தகக் காட்சிக் காலத்தில் மிகுதியாக வெளிவரும்.

இணையப் பிரதியில் ஐயம் தீராவிட்டால், கதையின் பெயர், தொகுப்பு, பதிப்பாண்டு மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு, இராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள்.