வாசகர் கேள்வி பதில்: வைத்தியம்தான் இலவசமாச்சே, பணம் எதற்கு?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் குடும்பம். ஆறு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மதுரையில் வைத்தியம் நடக்கிறது, காப்பீட்டு அட்டையிலேயே செலவு போய்விடுகிறது. ஆரம்பத்தில் தெருவில் வசூல் செய்து 18,000 ரூபாய் கொடுத்தோம். நாலு மாதத்தில் அவர்கள் வெளியே கடன் வாங்குவதாகக் கேள்வி. "வைத்தியம் இலவசம்தானே, பணம் எங்கே போகிறது?" என்று சிலர் பேசுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
- வாசகி, திருமங்கலம்

பதில்: முதலில் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள் சகோதரி. என் அண்ணன் மகனுக்கும் இதே நோய்தான், மூன்று வருஷம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம், பணம் எங்கே போகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது, அது மட்டும் இல்லையென்றால் அண்ணன் வீட்டை விற்றிருப்பார். ஆனால் அந்த அட்டை ஆஸ்பத்திரிக்கு உள்ளே ஆகிற செலவுக்குத்தான். கொத்தனார் வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? அம்மாவுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, சரி, ஆனால் கீமோ, அதாவது புற்றுநோய் மருந்து, ஏற்றின பிள்ளைக்கு ரத்த அணுக்கள் குறைந்து எந்தக் கிருமியும் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும், அந்த நிலையில் பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் எப்படிக் கூட்டிப் போவாள்? ஆட்டோதான். திருமங்கலத்திலிருந்து போக வர என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கவும் முடியாது, கிடைத்த வண்டியில் உடனே கிளம்ப வேண்டும். இது போக வீட்டு வாடகை, ஆஸ்பத்திரி வாசலில் சாப்பாடு, வீட்டில் விட்டுவிட்டு வந்த இன்னொரு பிள்ளை.

குழந்தைகளுக்கு அதிகமாக வருகிற ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் இரண்டு, மூன்று வருஷம் நடக்கும். முழுசாக முடித்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிற நோய் அது, நடுவில் விட்டால் திரும்ப வரும். மருந்து இலவசமாகவே கிடைத்தும் வண்டிக்குப் பணமில்லாமல் தேதியைத் தள்ளிப் போடுகிறவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன், அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் இன்னொரு பெரிய வசூல் வேண்டாம். பத்து வீடு சேர்ந்து மாதம் 200 ரூபாய் போடுங்கள், வைத்தியம் முடிகிற வரைக்கும். தெருவில் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் ஆஸ்பத்திரி தேதிகளைச் சொல்லிவைத்து, வாடகையை நீங்களே அவரிடம் கொடுத்துவிடுங்கள், அந்த அம்மா ஒவ்வொரு முறையும் கை நீட்ட வேண்டியதில்லை. மற்ற பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடம் விட்டதும் யார் வீட்டில் சாப்பிடும், எங்கே படுக்கும் என்பதையும் முடிவு செய்யுங்கள். சாப்பாடு கொடுத்தால் அப்போதே சமைத்துச் சூடாகக் கொடுங்கள், பாசத்தில் கடைப் பலகாரமும் நறுக்கி விற்கிற பழமும் வாங்கிப் போகாதீர்கள், சளி பிடித்தவர்கள் அந்த வீட்டுப் பக்கமே போக வேண்டாம். ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளைக்கு முடி திரும்ப முளைத்து ஓடி விளையாட ஆரம்பித்ததும், எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊர் ஒதுங்கிவிடும். மாத்திரையும் பரிசோதனையும் அப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடும். எங்களுக்குக் கடன் ஏறியது அந்தக் காலத்தில்தான்.

கேள்வி: நோயாளிக் குழந்தை படத்தோடு ஜிபே நம்பர் போட்டு வாட்ஸப்பில் வருகிறதே, நம்பி அனுப்பலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, என்றைக்குச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு விசாரித்து, அங்கே கட்ட வேண்டிய தொகை இருந்தால் அவர்கள் கணக்கிலேயே கட்டுங்கள். உண்மையான செய்திகூடத் தேதி இல்லாமல் வருஷக்கணக்கில் சுற்றும், அந்தப் பிள்ளை குணமாகிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம், பெற்றவர்கள் போனுக்கு அந்தப் படம் திரும்பத் திரும்ப வந்து விழும். தயவுசெய்து விசாரிக்காமல் பகிராதீர்கள். நீங்களே உதவி கேட்டு எழுதினாலும் பிள்ளை முகத்தைப் போட வேண்டாம், நாளைக்கு அது வளர்ந்து இதே ஊரில்தான் நடமாடப் போகிறது.

கேள்வி: கல்லூரி நண்பர்கள் முப்பது பேர் சேர்ந்து குழந்தைகளுக்கு ரத்தம் கொடுக்க நினைக்கிறோம். ஒரே நாளில் போகலாமா?
- மாணவர், மதுரை

பதில்: நல்ல மனசு தம்பி, ஆனால் பிரித்துப் போங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி தேவைப்படுவது தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட். எடுத்து வைத்தால் ஐந்து நாள்தான் இருக்கும், முப்பது பேர் ஒன்றாகக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வாரத்துக்கு அது உதவாது. பெரியாஸ்பத்திரி ரத்த வங்கியில் பேசி, ரத்த வகையோடு பெயர்ப் பட்டியல் கொடுத்து, கூப்பிடும்போது இரண்டு இரண்டு பேராகப் போங்கள். 18 வயது முடிந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பரீட்சை நேரத்திலும் தீபாவளி லீவிலும் யார் ஊரில் இருப்பார்கள் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஆள் கிடைக்காத நாட்கள் அவைதான்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, எலும்பில் புற்றுநோய், சென்னைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் பணம் கொடுக்க வருகிறார்கள். எங்கள் ஊரில் வாங்கின மொய்யைக் கூடப் போட்டுத் திருப்ப வேண்டும். வாங்கவே பயமாக இருக்கிறது.
- ஒரு தகப்பன், உசிலம்பட்டி

பதில்: அண்ணே, உங்கள் பயம் நியாயமானது. அதனால் வாங்கும்போதே, நாலு பேர் முன்னால், "இது மொய் இல்லை, நோட்டில் ஏறாது, என்னால் திருப்ப முடியாது, பிள்ளைக்காகக் கொடுக்கிறதாக இருந்தால் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். உங்களால் சொல்ல முடியவில்லையென்றால் தாய்மாமன் சொல்லட்டும், அவர் சொன்னால் சபை கேட்கும். சிலர் கையை இழுத்துக்கொள்வார்கள், இழுக்கட்டும், வட்டிக்கு வாங்குவதை விட அது நல்லது. கொடுத்தவர்கள் பெயரை மொய் நோட்டில் எழுதாமல், செலவுக் கணக்கை மட்டும் தனியாக வையுங்கள், உங்கள் மனசு தெளிவாக இருக்க அது போதும்.

இன்னொன்று, ரயில் டிக்கெட்டுக்கு முழுப் பணம் கட்டிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் அதற்கென்று உள்ள படிவத்தில் டாக்டரிடம் சான்று வாங்கி ரிசர்வேஷன் கவுண்ட்டரில் காட்டினால், புற்றுநோய் வைத்தியத்துக்குப் போகிறவருக்கு ஸ்லீப்பரில் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகிற ஒருவருக்கு கால் பங்குதான். படிவம் வாங்க ஒரு நாள் அலைச்சல் இருக்கும், கிளம்புகிற அன்றைக்கு ஓடாமல் இந்த வாரமே போய் வாங்கிவிடுங்கள். சென்னை போனதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.