பட்டன் தேய்ந்த டயரும் கருவேல முள்ளும்: பைக் டயர் கேள்வி பதில்

தர்மபுரிப் பக்கம் டயர் கடை வைத்திருக்கிறேன். 19 வருடமாக டயர் கழற்றி மாட்டுவதுதான் பிழைப்பு. பைக் டயர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னது நான்தான். இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்தக் கம்பெனி டயர் நல்லது?" என்று மொட்டையாகக் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில்: வண்டி எந்த ரோட்டில் ஓடுகிறது என்று சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

பல்சர் 150, சென்னை: அண்ணா, பின்னால் 100/90-17 இருக்கிறது. 120 போட்டால் கிரிப் கூடுமா? பார்க்கவும் கெத்தாக இருக்கும்.

கெத்து கூடும். கிரிப் கூடாது. ரிம் அதே அகலத்தில் இருக்க, டயரின் அகலத்தை மட்டும் 100 மில்லிமீட்டரிலிருந்து 120 ஆக்கினால் அதன் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு நடு உச்சி கூம்பிவிடும். நேராகப் போகும்போது ரோட்டைத் தொடுவது அந்த உச்சி மட்டும்தான். எடை கூடும், மைலேஜ் குறையும், சில வண்டிகளில் செயின் கவரிலும் உரசும். சைஸுக்குப் பக்கத்தில் 55P என்று போட்டிருக்கும், அதையும் பாருங்கள் தம்பி. 55 என்றால் அந்த டயர் 218 கிலோ தாங்கும், P என்றால் 150 கிலோமீட்டர் வேகம் வரை. வண்டியோடு வந்த டயரில் இருப்பதைவிட இந்த இரண்டும் குறையக் கூடாது.

ஸ்பிளெண்டர், ராமநாதபுரம்: ஒரே வாரத்தில் மூன்று பஞ்சர், மூன்றும் பின் டயர். டியூப் மாற்றியும் நிற்கவில்லை. டயரே கோளாறா?

டயர் கோளாறு இல்லை, முள் உள்ளேயே இருக்கிறது. உங்கள் பக்கம் சீமைக் கருவேலம் இல்லாத ஓரம் ஏது? அந்த முள் ஆணி மாதிரி முழுசாக வெளியே வராது. குத்தியதும் வெளிப்பக்கம் ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். மேலே தடவினால் தெரியாது. காற்று அடித்து, ஆள் ஏறி உட்கார்ந்து, டயர் நசுங்கும்போதுதான் நுனி உள்ளே எட்டிப் பார்க்கும். அதனால்தான் கடையில் நின்ற காற்று வீட்டுக்குப் போவதற்குள் இறங்குகிறது.

செய்ய வேண்டியது இது. டியூபை உருவும் முன், வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டதும், வால்விலிருந்து அது எத்தனை ஜாண் என்று அளந்து டயரில் அதே தூரத்தில் தேட வேண்டும். டியூப் எந்தப் பக்கமாக உள்ளே இருந்தது என்று மறந்துவிட்டால் இரண்டு பக்கமும் பாருங்கள். உள்பக்கம் வெறும் விரலை விடாதீர்கள். பழைய பனியன் துணியைச் சுருட்டித் தேய்த்தால் முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டி இழுக்கும். குறடால் பிடித்து எடுங்கள். ஒரு துளையில் இரண்டு நுனி இருந்ததையும் பார்த்திருக்கிறேன், ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிட வேண்டாம்.

முள்ளுக்குப் பயந்து கம்பி வீலுக்கு டியூப்லெஸ் டயர் மட்டும் வாங்கிப் பலனில்லை. ஸ்போக்ஸ் கம்பியை ரிம்மில் முடுக்கும் நிப்பிள் ஓட்டைகள் வழியாகக் காற்று போகும். அலாய் வீலுக்கு மாறினால்தான் டியூப்லெஸ். முள் காட்டில் அந்தச் செலவு நியாயமான செலவு.

ஹிமாலயன் 411, கோபி: அண்ணே, வீட்டுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் இட்டேரி, வேலிகளுக்கு நடுவே மண்பாதை. வாராவாரம் மலை ஏறுகிறேன். கட்டை பட்டன் டயர் போடலாமா?

இரண்டு கிலோமீட்டருக்காக மீதி எல்லா கிலோமீட்டரையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டன் என்பது டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டி; உயரமும் பருமனுமான கட்டை பட்டன் மண்ணில் பதிந்து பிடிக்கும், சரி. தார் ரோட்டில் பட்டனுக்குப் பட்டன் இடைவெளி இருப்பதால் ரோட்டைத் தொடும் ரப்பரே குறைவு. ஈரத்தில் பிரேக் பிடித்தால் அது தெரியும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் முன் டயர்தான் உங்களைத் தாங்குகிறது. பட்டன் உயரமாக இருந்தால் அது மடங்கி நெளியும், வண்டி நீந்துகிற மாதிரி இருக்கும். வண்டியோடு வந்த மாதிரியான, தாருக்கும் மண்ணுக்கும் நடுவான இரண்டுங்கெட்டான் டயரே உங்களுக்குப் போதும்.

இட்டேரியில் புழுதி ஆழமாக இருந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், டயர் மாற்றுவதைவிட அதில் பலன் அதிகம். ரொம்ப இறக்கினால் டயர் ரிம்மில் வழுக்கி, டியூபையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், வால்வு சாய்ந்து அறுந்துவிடும். வால்வு நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தார் ரோடு ஏறியதும் பழையபடி அடித்துவிடுங்கள்.

ஸ்கூட்டர், திருச்சி: அப்பாவின் வண்டி, 4,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது. நான் ஓட்டலாமா அண்ணா?

டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2316 என்றிருந்தால் 2016ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. வெயிலில் நின்றே ரப்பர் இறுகிவிடும், ஓடியிருக்க வேண்டிய அவசியமில்லை. பட்டன் அடியிலும் ஓரத்திலும் முடி மாதிரி வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டையும் மாற்றுங்கள் தங்கச்சி. ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடம் ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்; பத்து வருடம் ஆனதை எப்படி இருந்தாலும் கழற்றி எறிந்துவிடுவது நல்லது.

புது டயர் போட்ட மூன்றாம் நாள், முதல் மழையில் விழுந்தேன். டயர் டூப்ளிகேட்டா? (சேலம்)

இருக்காது. இரண்டு விஷயம் ஒரே நாளில் சேர்ந்துவிட்டது. புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். 150 கிலோமீட்டராவது நிதானமாக ஓட்டினால்தான் அது சொரசொரப்பாகும். முதல் மழையோ, மாதக்கணக்காக ரோட்டில் படிந்த ஆயிலையும் புழுதியையும் கிளப்பிக் குழம்பாக்கிவிடும். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்த மழையைவிட முதல் பத்து நிமிடத் தூறல்தான் மோசம். வெள்ளைக் கோடு, பாலத்து இணைப்பு இரும்பு, சாக்கடை மூடி, இவற்றின் மேல் சாயவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது.

நான் விழுந்தது மழையில் இல்லை, கொள்ளில். எங்கள் பக்கம் அறுவடை நேரத்தில் ராகியையும் கொள்ளையும் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகளே கதிரடித்துக் கொடுக்கும். சருகுதானே என்று ஏறினேன். அடியில் கொள்ளு, பால்ரஸ் குண்டு மாதிரி. புது டயர்தான் போட்டிருந்தேன். எந்த டயரும் அதில் நிற்காது.

நைட்ரஜன் அடிக்கலாமா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதிக்குக் காசு கொடுக்க ஆசை இருந்தால் கொடுங்கள்.

பங்கில் எல்லா வண்டிக்கும் 30, 30 என்றே அடிக்கிறார்கள். சரியா சார்? (மதுரை)

சரியில்லை. செயின் கவரிலோ, பின் வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கர் இருக்கும், அதுதான் கணக்கு. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு, பின்னால் ஆள் ஏறினால் அதற்கும் வேறு. பெரும்பாலான வண்டிகளில் முன்னால் 30 என்பது அதிகம், டபுள்ஸ் போகையில் பின்னால் 30 என்பது குறைவு. காலையில் டயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள். டயர் சூடு 10 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐக்கு மேல் கூடும் (பங்கில் சொல்லும் அந்த 30ம் பிஎஸ்ஐ கணக்குதான்). மே மாத மதியத்தில் அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக ஓட்டுவீர்கள். டயர் சீக்கிரம் தேய்கிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் விற்க வேண்டியது டயர் இல்லை, ஒரு சின்ன காற்று மீட்டர்.

பட்டன் போன டயருக்குக் கத்தியால் கட்டிங் போட்டுத் தருகிறார்களே?

வேண்டவே வேண்டாம். வெட்டுவது பட்டனை இல்லை, அடியில் டயருக்குள் இருக்கும் நூல் அடுக்கைக் காக்கிற ரப்பரை. பள்ளத்துக்குள் சின்ன மேடு இருக்கும், பக்கவாட்டில் TWI என்ற எழுத்தோ முக்கோணமோ அதன் இடத்தைக் காட்டும். பட்டன் அந்த மேட்டளவு வந்துவிட்டால் டயரின் கதை முடிந்தது.

நேற்று முன் டயர் மாற்றினேன். பக்கவாட்டு அம்புக்குறி பின்னோக்கி இருக்கிறது. ஓட்டலாமா? (ஈரோடு)

ஒரே அம்புக்குறிதானா என்று பாருங்கள். முன்னாலும் பின்னாலும் போடக்கூடிய சில டயர்களில் இரண்டு இருக்கும், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அதில் முன்னுக்கானது வீல் சுற்றும் திசையில் இருந்தால் போதும். ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் தலைகீழ் என்றால் தவறாக மாட்டியிருக்கிறார்கள். தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளம் உள்ளே இழுக்கும். இன்றைக்கே அதே கடைக்குப் போய்த் திருப்பிப் போடச் சொல்லுங்கள். மறுபடியும் கூலி கேட்டால் எதுவும் பேச வேண்டாம், அம்புக்குறியைக் காட்டுங்கள்.