ஷார்லட் செய்தது தவறா?

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்தில் எட்டுப் பேர். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை இப்போதுதான் முடித்தோம். வசதிக்காகக் காலின்ஸைக் கட்டிக்கொண்ட ஷார்லட் சுயநலக்காரி என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். “அப்படியானால் பெம்பர்லி மாளிகையைப் பார்த்ததும் மனம் மாறிய எலிசபெத் மட்டும் யோக்கியமா?” என்று மீதிப் பேர் கேட்கிறார்கள். எலிசபெத்தின் தங்கை லிடியா ஓடிப்போனதற்கு அம்மாவின் வளர்ப்புதான் காரணம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. 200 வருடத்துக்கு முந்தைய மனிதர்களை எதை வைத்து எடைபோடுவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எட்டுப் பேரும் ஒத்துப்போன அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்குப் பெரிய மறுப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஷார்லட்.

ஒரு பாத்திரத்தின் செயலைப் பற்றிப் பேசுமுன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அத்தியாயம் வரை அவளுக்கு என்ன தெரியும், அவள் வயதும் கைப்பணமும் என்ன, வேறு என்ன வழி இருந்தது. கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்ட நமக்குத் தெரிந்ததை அவளுக்கும் தெரிந்ததாக நினைத்துக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

ஷார்லட்டுக்கு வயது 27. அழகி என்று யாரும் சொன்னதில்லை. அப்பா சர் வில்லியம் லூகஸ் மெரிட்டனில் வியாபாரம் செய்தவர். பட்டம் கிடைத்ததும் வியாபாரத்தை விட்டுவிட்டார், பெண்ணுக்குக் கொடுக்க அவரிடம் பெரிதாக எதுவும் இல்லை. 22-ம் அத்தியாயத்தில் அவளுக்கு நிச்சயமானதும் வீட்டில் என்ன நடக்கிறது என்று திரும்பப் பாருங்கள். அக்கா கல்யாணமாகாமலே இருந்துவிடுவாளோ என்ற பயம் தம்பிகளுக்கு விட்டுப்போகிறது. தாங்கள் ஓரிரு வருடம் முன்னதாகவே நடன விருந்துகளுக்குப் போகத் தொடங்கலாம் என்று தங்கைகள் மகிழ்கிறார்கள். அந்த வீட்டில் அவள் ஒரு சுமை என்பதை ஆஸ்டின் இந்த இரண்டு வரியிலேயே காட்டிவிடுகிறார். இந்த வரிகளைத் தாண்டி ஓடிவிட்டால் ஷார்லட் புரியமாட்டாள்.

மறுபக்கம் காலின்ஸ். முட்டாள், முகஸ்துதிக்காரர், பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவர். ஆனால் குடிகாரரோ சூதாடியோ இல்லை. ஹன்ஸ்ஃபோர்டில் பாதிரியார் வேலை, வீடு, வருமானம் எல்லாம் உண்டு, பின்னால் எலிசபெத் குடும்பத்தின் லாங்போர்ன் பண்ணையும் உறவினர் என்ற முறையில் அவருக்கே வரும். இவை எல்லாமே ஷார்லட்டுக்குத் தெரியும். தான் காதல் கற்பனை உள்ளவள் இல்லை என்றும், வசதியான ஒரு வீடு மட்டுமே கேட்கிறேன் என்றும் எலிசபெத்திடம் நேராகவே சொல்கிறாள். காதலிப்பதாக அவள் யாரையும் ஏமாற்றவில்லை.

அவளிடம் குறையே இல்லையா என்றால், ஒன்று உண்டு. காலின்ஸ் முதலில் பெண் கேட்டது எலிசபெத்தை. அவள் மறுத்த பிறகு ஷார்லட் காலின்ஸைப் பேச்சில் பிடித்து வைத்துக்கொள்கிறாள். தனக்காகத்தான் தோழி இந்தச் சிரமம் எடுத்துக்கொள்கிறாள் என்று நம்பி எலிசபெத் நன்றி சொல்கிறாள். உள்ளுக்குள் ஷார்லட்டின் கணக்கு வேறு. தோழியிடம் மறைத்த அந்தச் சின்ன விஷயத்துக்காக அவளைக் குறை சொல்லுங்கள், நியாயம். கல்யாணத்துக்காகச் சொல்லாதீர்கள்.

இங்கே இன்னொரு தவறும் நேர்கிறது. ஷார்லட்டைக் காலின்ஸின் மனைவியாக நினைத்துப் பார்ப்பதே பெரிய அவமானம் என்று 22-ம் அத்தியாய முடிவில் ஒரு வரி வரும். அதை ஆசிரியரின் தீர்ப்பு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது அந்த நிமிடத்தில் எலிசபெத்தின் மனதில் ஓடுவது. ‘அவள் நினைத்தாள்’ என்று சொல்லாமலேயே பாத்திரத்தின் எண்ணத்தைக் கதைசொல்லியின் குரலில் எழுதுவது ஆஸ்டினின் முக்கியமான உத்தி. ஒவ்வொரு கடுமையான வரியிலும் நின்று, இதைச் சொல்வது யார் என்று கேளுங்கள். 2005-ல் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள் உங்கள் வட்டத்தில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. தனக்குப் பயமாக இருக்கிறது என்று ஷார்லட் அதில் உடைந்து பேசும் வசனம் நாவலில் கிடையாது. நாவலின் ஷார்லட் நிதானமாக யோசித்து முடிவெடுக்கிறாள்.

அவள் தன் ஒப்பந்தத்தைப் புரிந்துதான் செய்தாளா என்று சோதிக்க, ஹன்ஸ்ஃபோர்ட் அத்தியாயங்களைப் பாருங்கள். கணவரைத் தோட்ட வேலைக்கு உற்சாகப்படுத்தி வெளியே அனுப்புகிறாள். தான் உட்காரும் அறையாக வீட்டின் பின்பக்க அறையைத் தேர்ந்தெடுக்கிறாள். வண்டிகள் போகும் சாலை முன்பக்க அறையிலிருந்துதான் தெரியும் என்பதால், அவர் பாட்டுக்கு அங்கே இருந்துகொள்வார். அவர் அசட்டுத்தனமாகப் பேசும்போது பெரும்பாலும் காதில் விழாததுபோல் இருந்துவிடுகிறாள். எதை வாங்கினோம், என்ன விலை கொடுத்தோம் என்று தெரிந்தவள் செய்கிற காரியங்கள் இவை.

எலிசபெத்தைப் பற்றிய குற்றச்சாட்டு அத்தியாய எண்களை வரிசையாக வைத்தாலே நிற்காது. பெம்பர்லியின் சொந்தக்காரர் டார்சிக்கு வருடம் 10,000 பவுண்டு வருமானம் என்று 3-ம் அத்தியாயத்திலேயே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. 34-ல் அவர் பெண் கேட்கும்போது அவள் மறுக்கிறாள். அதற்கு முன்பே காலின்ஸையும் மறுத்தவள். அப்போது அவளுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, அம்மாவின் காலத்துக்குப் பிறகு நான்கு சதவீத வட்டியில் வரப்போகும் 1,000 பவுண்டு, அதாவது வருடம் 40 பவுண்டு. இதைக் காலின்ஸே அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிக்காட்டுகிறார். பணத்துக்கு மயங்குகிறவள் இந்த நிலையில் மறுப்பாளா?

பெம்பர்லியில் வீட்டின் எஜமானியாக இருந்திருக்கலாமே என்ற எண்ணம் அவளுக்கு வருவது உண்மைதான். ஆனால் அந்த 43-ம் அத்தியாயத்தில் அவளை அசைப்பவை வேறு. டார்சியை நான்கு வயதிலிருந்து அறிந்த வீட்டு நிர்வாகி ரெனால்ட்ஸ் அம்மாள், அவரிடமிருந்து ஒரு கடுஞ்சொல்லும் கேட்டதில்லை என்கிறார். பிறகு டார்சியே வந்து, அவளுடைய மாமாவையும் மாமியையும் அறிமுகப்படுத்தச் சொல்லிக் கேட்கிறார், மாமாவை மீன்பிடிக்க அழைக்கிறார். அந்த மாமா கார்டினர் லண்டனில் வியாபாரம் செய்து பிழைப்பவர். ஹன்ஸ்ஃபோர்டில் பெண் கேட்டபோது டார்சி இழிவாகப் பேசியது இப்படிப்பட்ட உறவுகளைத்தான். மாற்றத்தை அவள் வாய்ச்சொல்லில் அல்ல, நடத்தையில் பார்க்கிறாள். பெம்பர்லியைக் கண்டதிலிருந்துதான் காதல் என்று பின்னால் அக்கா ஜேனிடம் அவள் சொல்வது வேடிக்கைப் பேச்சு. விளையாடாமல் சொல் என்று ஜேனே அதட்டுகிறாள்.

இனி நீங்கள் எல்லோரும் ஒத்துப்போன விஷயம். எலிசபெத்தின் அம்மா திருமதி பென்னட்டைப் பிடிப்பது கஷ்டம்தான். மழை வரும் என்று தெரிந்தே ஜேனைக் குதிரையில் அனுப்புகிறாள், நெதர்ஃபீல்ட் விருந்தில் டார்சியின் காதில் விழும்படி கல்யாணக் கணக்குப் போடுகிறாள். லிடியாவுக்குச் செல்லம் கொடுத்ததும் அவள்தான். ஆனால் அவளுடைய கவலை சரியானது. பண்ணையிலிருந்து வருடம் 2,000 பவுண்டு வருகிறது. ஆண் வாரிசு இல்லாததால், கணவர் இறந்த மறுநாளே அது காலின்ஸுக்கு. மிஞ்சுவது 5,000 பவுண்டு அசல். நான்கு சதவீதத்தில் வருடம் 200. ஆறு பெண்கள், வீடு இல்லை, இன்றைய வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த வீட்டில் இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள் ஒருத்திதான்.

கணவரோ புத்தக அறையில் கதவைச் சாத்திக்கொள்கிறார். மகன் பிறப்பான், அவன் வயதுக்கு வந்ததும் பண்ணை ஆண் வாரிசுக்கே போகவேண்டும் என்ற கட்டுப்பாட்டிலிருந்து அதை விடுவித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தே வருமானம் முழுவதையும் செலவழித்துவிட்டார். கல்யாணமாகி 23 வருடம். வருடம் 300 பவுண்டு ஒதுக்கியிருந்தால், 20 வருடத்தில் வட்டி சேர்க்காமலே 6,000. ஒவ்வொரு பெண்ணுக்கும் 1,200. 41-ம் அத்தியாயத்தில், லிடியாவைப் படை முகாமிட்ட பிரைட்டனுக்கு அனுப்பாதீர்கள் என்று எலிசபெத் கெஞ்சுகிறாள். அனுப்பாவிட்டால் வீட்டில் நிம்மதி இருக்காது என்று அவர் அனுப்பிவிடுகிறார். திருமதி பென்னட்டுக்குப் புத்தி குறைவு. இவருக்குப் புத்தி இருந்தது, எச்சரிக்கையும் கிடைத்தது. அதனால்தான் என் கணக்கில் இவர் பங்கு அதிகம்.

லிடியாவுக்கு அப்போது 16. 1753-ம் வருடச் சட்டப்படி இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தில் வேண்டியிருக்கவில்லை, அதனால்தான் எல்லை தாண்டிய கிரெட்னா கிரீன் என்ற ஊர் ஓடிப்போகிறவர்களின் ஊரானது. அங்கே போவதாக லிடியா எழுதி வைத்தாள், ஆனால் தடயம் லண்டனோடு நின்றுவிடுகிறது. கல்யாணமே ஆகாமல் படை அதிகாரி விக்கமோடு இருக்கிறாள் என்பதுதான் குடும்பத்தின் பீதி. நான்கு சகோதரிகளின் வாழ்வும் அதில் மாட்டியிருக்கிறது. மீட்டுக் கொண்டுவந்தது டார்சி. விக்கமின் 1,000 பவுண்டுக்கும் மேலான கடனை அடைத்து, லிடியா பேரில் இன்னொரு 1,000 எழுதிவைத்து, அவனுக்குப் படையில் பதவியும் வாங்கிக் கொடுக்கிறார். மைத்துனர் கார்டினர்தான் கொடுத்தார் என்று நினைத்திருந்த பென்னட்டுக்கு, இது டார்சி செய்தது என்று தெரிந்ததும் முதலில் தோன்றுவது, மைத்துனருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய தொல்லை விட்டது என்ற நிம்மதி. அவருக்கும் ஒரு நல்ல கணக்கு உண்டு. காலின்ஸை மணக்கச் சொல்லி எலிசபெத்தை நெருக்காமல் மகளின் பக்கம் நின்றார். லண்டனிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதும், தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார், இந்த உறுத்தல் சீக்கிரம் போய்விடும் என்றும் தானே சொன்னார்.

விக்கம் எப்படிப்பட்டவன் என்பதை டார்சி ஏன் ஊருக்குச் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள். சொன்னால், 15 வயதில் அவன் பேச்சில் மயங்கி ஓடத் தயாரான தங்கை ஜார்ஜியானாவின் பெயர் கெடும். ஆனாலும் தன் கர்வம்தான் காரணம் என்று அவரே பழியை ஏற்றுக்கொள்கிறார். எலிசபெத்தும் ஜேனும்கூட விஷயம் தெரிந்தபின் மௌனமாக இருந்தவர்கள்தான், அதையும் தாளில் எழுதுங்கள்.

இன்றைய அளவுகோல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பெண்ணுக்குச் சொத்து போகாத ஏற்பாடு அன்றும் அநியாயம், இன்றும் அநியாயம். அந்தக் கோபத்தை ஏற்பாட்டின் மேல் காட்டுங்கள், அதற்குள் மாட்டிக்கொண்டு வழி தேடிய 27 வயதுப் பெண்ணின் மேல் வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பயிற்சி. 16, 18, 36 ஆகிய அத்தியாயங்களை ஒரே மாலையில் அடுத்தடுத்து உரக்க வாசியுங்கள். உங்கள் பதிப்பு மூன்று பாகமாக எண்ணிட்டிருந்தால் 36 என்பது இரண்டாம் பாகத்தின் 13. முதல் அறிமுகத்திலேயே அந்நியப் பெண்ணிடம் டார்சியைப் பற்றிக் குறை சொல்கிறான் விக்கம். டார்சிக்குப் பயந்து தான் ஒதுங்கப் போவதில்லை என்கிறான், ஆனால் நெதர்ஃபீல்ட் விருந்துக்கு வரவில்லை. டார்சியுடைய தந்தையின் நினைவுக்காக மகனைக் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்கிறான், டார்சியும் நண்பர்களும் ஊரைவிட்டுப் போனதும் ஊரெல்லாம் அதே பேச்சு. அவள் மறுத்த பிறகு டார்சி எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது இந்த முரண்கள் எல்லாம் எலிசபெத்துக்குப் புலப்படுகின்றன. 16-ஐ வாசித்து முடித்ததும் நிறுத்தி, எட்டுப் பேரும் விக்கமைப் பற்றி முதல் வாசிப்பில் என்ன நினைத்தீர்கள் என்று ஆளுக்கொரு வரி எழுதி மடித்து வைத்துவிடுங்கள். 36 முடிந்தபின் பிரித்துப் படியுங்கள்.