செஸ்டர்ஃபீல்ட் ஆலயத்தின் கூம்புக் கோபுரம் ஏன் முறுக்கி நிற்கிறது?

இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள இந்தக் கிறிஸ்தவப் பங்கு ஆலயம் பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கீழே இருப்பது கல் கோபுரம். அதன்மேல் ஏற்றிய ஓக் மரக் கூம்புதான் சுமார் 45 பாகை முறுக்கி, உச்சியில் 9 அடிக்கும் மேல் விலகியிருக்கிறது. மொத்த உயரம் 228 அடி.

பச்சை மரத்தைப் போட்டதுதான் காரணம் என்பார்கள். அது பாதி உண்மைதான். காய்ந்த ஓக் உளிக்கு லேசில் மசியாது. அதனால் அன்றைய தச்சர்கள் பொதுவாகவே பச்சை ஓக்கில்தான் வேலை செய்தார்கள். பெரிய குறை, உள்ளே போதுமான குறுக்குச் சட்டங்கள் இல்லாதது. மரம் காய்ந்து சுருங்கி வளைந்தபோது இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, மேலே சுமார் 33 டன் ஈயத் தகடு. வெயில் படும் தெற்குப் பக்கத்தில் ஈயம் அதிகமாக விரிவதும் சேர்ந்துகொண்டது.

தகடுகளை மீன்முள் போலச் சாய்வாகப் பதித்திருப்பதால், முறுக்கு கண்ணுக்கு இன்னும் கூடுதலாகவே தெரியும்.