டெஸ்ட் எல்லாம் பச்சை, சம்பளக் கணக்கு மட்டும் தப்பு

கேள்வி: நியூயார்க் கிடங்கு ஒன்றின் ஷிஃப்ட் நேரத்தைப் பைத்தானில் கணக்கிடுகிறோம். முடிந்த நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழிக்கிறோம், அவ்வளவுதான். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் மார்ச்சில் ஓர் இரவு மட்டும் 7 மணி நேர வேலைக்கு 8 என்று வந்தது. கழித்தலை எப்படிச் சோதிப்பது?

பதில்: உங்கள் டெஸ்டுகள் இந்திய நேரத்தில் எழுதப்பட்டவையாக இருக்கும். நியூயார்க்கில் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பரில் பின்னே திருப்புவார்கள். நம்மூரில் யாரும் அப்படிச் செய்வதில்லை. இந்தத் தப்பு அதில் சிக்கவே சிக்காது.

நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அதிகாலை 2 மணியை 3 ஆக்கினார்கள். முந்தைய இரவு 10 முதல் காலை 6 வரை வேலை பார்த்தவருக்கு 7 மணி நேரம்தான். ஆனால் இரண்டு நேரங்களிலும் ஒரே டைம்ஜோன் (நேர மண்டல) ஆப்ஜெக்ட் இருந்தால், பைத்தான் கழிக்கும்போது ஜோனைக் கண்டுகொள்ளாது. கடிகார முள்ளை மட்டும் பார்த்து 8 என்கும். ஒன்றை மட்டும் யுடிசிக்கு (கடிகார மாற்றமே இல்லாத உலகப் பொது நேரம்) மாற்றிக் கழியுங்கள்: 7 வரும். அதே இரண்டு கணங்கள், அதே கழித்தல் குறி, விடை மட்டும் வேறு. இது பிழையே அல்ல. பைத்தான் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

ஆகவே இரண்டையும் யுடிசிக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். அதே இரவு ஷிஃப்டுக்கு மார்ச் 10இல் 7, கடிகாரம் பின்னே போன நவம்பர் 3இல் 9 வர வேண்டும் என்று இரண்டு டெஸ்ட் எழுதுங்கள். இந்தக் கடிகாரக் கூத்தை ஒழிக்க அமெரிக்க செனட் 2022இல் ஒருமனதாக மசோதா நிறைவேற்றியது. கீழவை அதை ஓட்டெடுப்புக்கே எடுக்கவில்லை. அவதி நமக்கு.

‘100 சதவீத கவரேஜ்’ (டெஸ்டில் எல்லா வரியும் ஓடியது) என்று பில் போடும் டெஸ்டிங் ஒப்பந்தக்காரர்களிடம் ஏமாறாதீர்கள். கழிக்கும் வரி ஒன்றுதான். எந்தத் தேதியைக் கொடுத்து ஓட்டினாலும் கவரேஜ் 100 காட்டும். பயிற்சி மையங்களில் இன்னும் சுற்றிவரும் பழைய பைடிசட் (pytz என்ற நேர மண்டல நூலகம்) நிரலையும் ஒட்டாதீர்கள். அந்த ஜோனை நேரடியாக டேட்டைமில் (பைத்தானின் தேதி-நேர ஆப்ஜெக்ட்) செருகினால் கொல்கத்தா நேரம் 5:30க்குப் பதில் அந்தக் காலத்து 5:53 ஆகிவிடும். பைத்தான் 3.9 முதல் ஜோன்இன்ஃபோ (zoneinfo) என்ற நேர மண்டல நூலகம் கூடவே வருகிறது, அது போதும்.

ஜோன் உள்ள நேரத்தையும் இல்லாத நேரத்தையும் ஒப்பிடும் இடத்தில் சிறியதா என்று கேட்டால் டைப்எரர் என்ற பிழை வந்து நிரல் நிற்கும். சமமா என்று கேட்டால் சத்தமில்லாமல் ‘இல்லை’ என்றுவிடும். இரண்டுக்கும் டெஸ்ட் வேண்டும்.

பழைய சம்பளப் பட்டியலில் நவம்பர் 3ஐ முதலில் திறந்து பாருங்கள். 9 மணி நேரம் உழைத்தவருக்கு 8 மணி நேரக் கூலிதான் போயிருக்கும்.